முகப்பில் நட்சத்திரம்

ஸ்டட்கார்ட் நகரத்து மோட்டார்த் தொழிலாளி ஒருவரை எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "டைம்லரில்" என்று பதில் வரும். அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மன்ஹைமில், அதே ஸ்தாபனத்தின் மரபில் வந்த இன்னொரு தொழிற்சாலையில் உத்தியோகம் பார்ப்பவரோ "பென்ஸில்" என்பார். பாரிஸிலும் நியூயார்க்கிலும் அந்த ஸ்தாபனத்தின் வண்டியைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் அதை மெர்சிடிஸ் என்றே அறிவார்கள். நம் தமிழ்நாட்டில் இவ்விஷயத்தில் மன்ஹைம்காரர்களின் கட்சிதான் வென்றிருக்கிறது. ஒருவன் பென்ஸ் காரில் வந்து இறங்கினான் என்று சொல்லிவிட்டால் அவனுடைய ஐசுவரியத்தைப் பற்றி மேற்கொண்டு விஸ்தரிக்க வேண்டியதில்லை. கேட்பவரே மிச்சத்தை ஊகித்துக்கொள்வார்.

இந்த மூன்று பெயர்களில் இரண்டு, யந்திர சாலைகளில் கரிபடிந்த கைகளோடு வாழ்நாளைக் கழித்த இரு மனிதர்களுடையவை. மூன்றாவது, யந்திரத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத பதினோரு வயதுப் பெண் குழந்தையினுடையது. அந்த இரு மனிதர்களும் தம் வாழ்நாளில் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசியதாகச் சரித்திரம் சொல்லவில்லை. அவர்கள் இருவருமே பணக்காரர்களுக்கு வண்டி செய்யவேண்டும் என்று புறப்பட்டவர்கள் அல்லர். அப்படியிருக்க, அவர்களுடைய கைவேலை உலகமெங்கும் செல்வத்தின் சின்னமாக மாறியது எங்ஙனம் என்பதே இங்கே விசாரிக்கத் தக்கது.

கார்ல் பென்ஸ் 1844-ஆம் ஆண்டு பிறந்தவர். ரயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்த தந்தை, மகனுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே காலமாகிவிட, தாயார் வறுமையோடு போராடி அவரைக் கார்ல்ஸ்ரூயே நகரத்துத் தொழிற்கல்லூரியில் படிக்கவைத்தார். 1871-இல் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பென்ஸ் மன்ஹைமில் ஆரம்பித்த பட்டறை விரைவிலேயே தள்ளாடியது. கூட்டாளியும் நம்பத்தகுந்தவராக அமையவில்லை. அச்சமயத்தில் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெர்த்தா ரிங்கர் என்னும் பெண், தனக்குரிய சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே தந்தையிடமிருந்து வாங்கி, அதைக்கொண்டு ரிட்டரின் பங்கை விலைக்கு வாங்கவைத்தாள். சீதனம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நகையும் பாத்திரமும் மாப்பிள்ளை வீட்டாரின் முகச்சுளிப்பும் ஞாபகத்துக்கு வருமேயன்றி, உலகத்தின் முதல் மோட்டார் வண்டி ஞாபகத்துக்கு வராது. ஆயினும் அவ்வண்டிக்கு மூலதனம் அதுவே.

1879-ஆம் ஆண்டின் கடைசி இரவில், நெடுநாளாக உயிர் பெற மறுத்துவந்த எஞ்சினை இன்னொரு முறை சோதித்துப் பார்ப்போம் என்று சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி சொல்ல, இருவரும் பட்டறைக்குப் போனதையும், அன்று அது நிற்காமல் ஓடியதையும், அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே அவர்கள் நின்றிருந்தபோது ஊரில் புத்தாண்டு மணிகள் ஒலித்ததையும் பென்ஸ் தம் முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் உருக்கத்தோடு கூறுகிறார். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1886 ஜனவரி 29-ஆம் தேதி, எரிவாயு எஞ்சினால் ஓடும் வண்டிக்கென்று அவர் விண்ணப்பித்த காப்புரிமை 37435 என்னும் எண்ணைப் பெற்றது. மூன்று சக்கரம், ஒரே சிலிண்டர், 954 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, முக்கால் குதிரைத்திறன்: ஒரு குதிரைக்குக் கால் பங்கு குறைவான பலத்தோடு மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய அந்த வண்டியைக் கண்டு ஊரார் வியந்ததைக் காட்டிலும் நகைத்ததே அதிகம். வாங்குவார் எவரும் இலர்.

1888 ஆகஸ்டு மாதத்தில், பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகள் ஆய்கனையும் ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு பெர்த்தா பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள். தாய் வீட்டுக்குப் போவது எந்தத் தேசத்துப் பெண்ணுக்கும் சகஜமான காரியம்; ஆனால் கணவன் துயிலெழுமுன், அவனிடம் சொல்லாமல், அவன் செய்த வண்டியையே கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குச் சத்தம் கேளாத தூரத்தில் எஞ்சினைக் கிளப்பி, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் செல்வது என்பது, அதுவரை எந்த ஆணும் செய்யாத காரியம். வண்டிக்கு வேண்டிய எரிபொருள் லிக்ராய்ன். துணியில் பட்ட கறை போக்குவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்ட திரவம் அது. விஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக் கடையில் பெர்த்தா அதைக் கேட்டு வாங்கியதால், உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் தாங்களே என்று அவ்வூரார் இன்றளவும் பெருமை பாராட்டுகிறார்கள். எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் நீர் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்தபடியால் வழியில் கண்ட கிணறும் வாய்க்காலும் வண்டியின் தாகத்தைத் தீர்த்தன. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தாள். தீப்பொறிக் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது தன் காலுறைப் பட்டியைக் கழற்றி அதன்மேல் சுற்றினாள். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பள்ளத்தில் இறங்கும்போது மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவர் ஒருவரைக்கொண்டு அவற்றின்மேல் தோலை அடிக்கச் செய்தாள். பொழுது சாய்ந்த பிறகு ஊர் சேர்ந்து, கணவனுக்குத் தந்தி கொடுத்தாள்.

ஊசியும் காலுறைப் பட்டியும் குடும்பத்தார் பின்னாளில் சொன்ன நினைவுகளிலிருந்து வந்தவை. சரித்திரக்காரன் அவற்றைச் சிறிது எச்சரிக்கையோடுதான் ஏற்கவேண்டும். ஆனால் பிரேக்கின்மேல் தோல் அடித்ததையும், மேடேறுவதற்குத் தனியே சிறு கியர் ஒன்று வேண்டும் என்று அவள் திரும்பிவந்து சொன்னதையும், அதன்படியே பென்ஸ் அதைச் சேர்த்ததையும் நோக்கும்போது, இந்தப் பிரயாணம் வெறும் சாகசம் அல்ல என்பது விளங்கும். செய்தவர் தம் வண்டியைப் பட்டறையின் முற்றத்திலேயே நிறுத்திப் பூரணமாக்க எண்ணினார். அதைச் சாலையில் ஓட்டி, அடிபட்டு, குறையறிந்து திருத்தச் சொன்னவள் அவருடைய மனைவி.

காட்லீப் டைம்லரின் கதை வேறு ரசம் கொண்டது. ஷோர்ன்டோர்ஃப் என்னும் ஊரில் ரொட்டிக் கடைக்காரருக்கு மகனாக 1834-இல் பிறந்த அவர், பெற்றோரை இழந்து அநாதையில்லத்தில் வளர்ந்த வில்ஹெல்ம் மேபாக்கின் அபாரமான யந்திரப் புலமையை அங்கேயே கண்டுகொண்டு, பிறகு சாகும்வரை அவரைத் தம்மை விட்டுப் பிரியவிடவில்லை. 1882-இல் இருவரும் கான்ஸ்டாட்டில் டைம்லருடைய வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையைப் பட்டறையாக மாற்றிக்கொண்டு, இரவு பகலாக உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். சந்தேகம் கொண்ட தோட்டக்காரன் இவர்கள் கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று போலீசாரிடம் பிராது கொடுக்க, அவர்கள் இரவில் வந்து கொட்டகையைச் சோதித்து, எஞ்சினைத் தவிர வேறொன்றும் காணாமல் திரும்பினார்கள் என்பது கர்ணபரம்பரை. டைம்லரின் கருத்து பென்ஸின் கருத்தைவிட விசாலமானது; வேகமாகச் சுழலும் இலேசான எஞ்சின் ஒன்று கைவசம் இருந்தால் அதைச் சைக்கிளிலும் பூட்டலாம், படகிலும் பூட்டலாம், ஆகாயக் கப்பலிலும் பூட்டலாம் என்பது அவர் துணிபு. தரை, நீர், வானம் ஆகிய மூன்றையும் ஆளும் எஞ்சின் என்ற இந்தக் கனவே பின்னாளில், 1909-இல், மூன்று முனை நட்சத்திரமாக முத்திரை பெற்றது. குடும்பத்துக்கு எழுதிய பழைய தபாலட்டை ஒன்றில் தாம் குடியிருந்த வீட்டின்மேல் டைம்லர் நட்சத்திரம் ஒன்றை வரைந்திருந்ததைப் பிள்ளைகள் ஞாபகப்படுத்திக்கொண்டார்களாம். அந்த நட்சத்திரத்தை வண்டியின் முகப்பில் காண அவர் உயிரோடில்லை. 1900 மார்ச்சு மாதத்திலேயே காலமாகிவிட்டார்.

இதுவரை சொன்னவற்றில் ஆடம்பரம் என்பதற்கு இடமே இல்லை. அது நுழைந்தது பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தின் வழியாக. குளிர்காலத்தில் ஐரோப்பியப் பிரபுக்களும் கோடீசுவரர்களும் வந்து தங்கும் அக்கடற்கரைப் பட்டணத்தில் எமில் யெல்லினெக் என்னும் வியாபாரி வாழ்ந்துவந்தார். வியன்னாவில் கீர்த்திபெற்ற யூத மதகுரு ஒருவரின் மகன். படிப்பில் நாட்டமில்லாமல் வாணிபத்தில் பொருள் திரட்டியவர். வேகத்தின்மேல் தீராத மோகம் கொண்டவர். டைம்லர் கம்பெனியின் வண்டிகளை வாங்கி நீஸ் நகரத்துச் சீமான்களுக்கு விற்றதோடு, தம் அருமை மகளின் பெயராகிய மெர்சிடிஸ் என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டு பந்தயங்களிலும் கலந்துகொண்டார். கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதங்களும் தந்திகளும் ஓயாத நச்சரிப்பு: இன்னும் வேகம் வேண்டும், இன்னும் பலம் வேண்டும், எஞ்சினை முன்னால் வையுங்கள் என்பவையே அவற்றின் சாரம்.

1900 மார்ச்சு 30-ஆம் தேதி, நீஸிலிருந்து லா துர்பி மலைக்கு ஏறும் பந்தயத்தில், டைம்லர் கம்பெனியின் ஓட்டுநர் வில்ஹெல்ம் பௌவர் முதல் வளைவிலேயே பாறையில் மோதி உயிர் இழந்தார். உயரமும் கனமும் மிகுந்து, சக்கரங்களுக்கிடையே தூரம் குறைந்திருந்த அந்த வண்டி வளைவில் நிலைகொள்ளக் கூடியதன்று. இனிப் பந்தயமே வேண்டாம் என்று கம்பெனியார் நினைத்தபோது, யெல்லினெக் நேர்மாறான முடிவுக்கு வந்தார்: வண்டியைத் தாழ்த்துங்கள், நீட்டுங்கள், அகட்டுங்கள், அப்படிச் செய்தால் 36 வண்டிகளை நானே வாங்கிக்கொள்கிறேன். மொத்த விலை 5,50,000 தங்க மார்க். நிபந்தனை ஒன்று: வண்டிக்கு என் மகளின் பெயர்.

டைம்லரை அப்போதுதான் இழந்திருந்த மேபாக் சில மாதங்களில் வடித்துக்கொடுத்த அந்த 35 குதிரைத்திறன் வண்டியே, குதிரை வண்டியின் சாயலை முற்றிலும் உதறிய முதல் மோட்டார் என்று சொல்லலாம். அதன் அங்கங்களில் ஒன்றை மாத்திரம் இங்கே சற்று அருகில் நின்று பார்ப்போம். பழைய வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் வளைந்து வளைந்து செல்லும் நீண்ட குழாய்களில் ஓடியது. நீரும் நிறைய வேண்டும், குளிர்ச்சியும் போதாது. மேபாக் அதற்குப் பதிலாக, ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களை நெருக்கமாக அடுக்கிப் பற்றவைத்து, தேன்கூடு போன்ற பலகை ஒன்றாக்கி, அதை வண்டியின் முகத்தில் நிறுத்தினார். காற்று குழாய்களின் உள்ளே புகுந்து செல்ல, அவற்றின் இடுக்குகளில் நீர் படர்ந்து இறங்கிற்று. முன்பு வேண்டியிருந்த நீரில் பாதியாகிய ஒன்பது லிட்டரே போதுமானதாயிற்று. அழகுக்கென்று எவரும் அந்தப் பலகையை அங்கே வைக்கவில்லை. சூடு தணியவேண்டும் என்பதற்காக வைத்தார்கள். ஆயினும் பிற்காலத்தில் பென்ஸ் வண்டியின் முகம் என்று நாம் கண்டவுடன் அடையாளம் கொள்ளும் அந்த வெள்ளிப் பளபளப்புள்ள சட்டத்தின் மூதாதை அதுதான். தொழிலுக்காகப் பிறந்த உறுப்பு, தொழில் மறைந்த பின்னும் முகலட்சணமாக நிலைத்துவிட்டது.

1901 மார்ச்சில் நடந்த நீஸ் பந்தய வாரத்தில் இவ்வண்டி ஏறக்குறைய எல்லாப் பரிசுகளையும் வாரிக்கொண்டது. மறு ஆண்டு மெர்சிடிஸ் என்னும் பெயர் வர்த்தகச் சின்னமாகப் பதிவாயிற்று. ஸ்பானிஷ் மொழியில் அதற்குக் கருணை, அருள் என்று பொருள். தகப்பனார் தம் பெயரோடு மகளின் பெயரையும் சேர்த்து யெல்லினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டபோது, மகளின் பெயரைத் தந்தை தாங்குவது உலகத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார் என்பர். முதல் உலக யுத்தத்தில் இரு தரப்பாராலும் சந்தேகிக்கப்பட்டு 1918-இல் ஜெனீவாவில் மாண்டார். மகளோ இரண்டு திருமணங்களும் இடர்ப்பட்டு, வறுமையோடு 1929 பிப்ரவரியில் வியன்னாவில் காலமானாள். அடுத்த சில வாரங்களில், ஏப்ரல் மாதம், கார்ல் பென்ஸும் கண்மூடினார்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், யுத்தமும் பணவீக்கமும் ஜெர்மன் தொழில்களைச் சூறையாடியிருந்த நிலையில், டைம்லர், பென்ஸ் ஆகிய இரு பகைக் கம்பெனிகளும் வங்கிக்காரர்களின் வற்புறுத்தலால் 1926 ஜூன் மாதம் ஒன்றாயின. டைம்லரின் நட்சத்திரத்தைப் பென்ஸின் வாகை மாலை சுற்றிக்கொண்டது. பிணக்கு நேராதபடி இரண்டு சின்னங்களையும் கலந்த சாமர்த்தியத்தைப் பார்த்தால், நம் ஊரில் இரண்டு சம்பந்திகள் கல்யாணப் பத்திரிகையில் பெயர்களின் வரிசைக்காக நடத்தும் பேச்சுவார்த்தை நினைவுக்கு வருகிறது.

பிறகு வந்த நாஜி ஆட்சியின் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி இக்கம்பெனியின் அபிமானிகள் எழுதும் நூல்களில் வெள்ளி அம்புகள் என்னும் பந்தய வண்டிகளின் கதை விரிவாக இருக்கும். 1934 ஜூனில் நூர்பர்க்ரிங் பந்தயத்துக்கு முந்தின நாள் நிறுத்துப் பார்த்தபோது, 750 கிலோ என்ற வரம்பைவிட வண்டி ஒரு கிலோ அதிகமாக இருந்ததென்றும், இரவோடிரவாக வெள்ளைப் பூச்சைச் சுரண்டியெடுக்க அலுமினியத் தகடு வெள்ளிபோல் ஒளிர்ந்ததென்றும், அந்த நாமம் அவ்வாறு பிறந்ததென்றும் பந்தய நிர்வாகி ஆல்ஃப்ரெட் நொய்பௌவர் பிற்காலத்தில் எழுதினார். கேட்க ரம்மியமான கதை. அந்தக் குறிப்பிட்ட பந்தயத்துக்கு 750 கிலோ விதியே பொருந்தவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியபின் அதை நம்புவது கடினம். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்த அம்புகளுக்கு நாஜி அரசாங்கம் மானியம் அளித்தது என்பதில் ஐயமில்லை. ஹிட்லர் நின்றபடியே கை உயர்த்திச் சென்ற பெரிய திறந்த வண்டி இக்கம்பெனியின் 770 என்னும் வகை. யூத மதகுரு ஒருவரின் பேத்தியுடைய பெயரைத் தாங்கிய வண்டியில், யூத குலத்தையே கருவறுக்கப் புறப்பட்டவன் ஊர்வலம் போனான். அந்தப் பெயரின் விருத்தாந்தத்தை யாரும் அவன் காதில் போட்டிருக்கமாட்டார்கள்.

அம்மட்டோடு நின்றிருந்தால் கம்பெனியை வாங்குவோனின் பாவத்துக்குப் பொறுப்பாக்குவது தகாது எனலாம். ஆனால் 1944 முடிவில் டைம்லர்-பென்ஸில் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர், கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட அந்நிய நாட்டினரும் யுத்தக் கைதிகளும் சித்திரவதை முகாம்களிலிருந்து இழுத்துவரப்பட்டவர்களும் ஆவர். கம்பெனியே சரித்திராசிரியர்களை அமர்த்தி ஆராயச் செய்து இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும், 1988-இல் இரண்டு கோடி மார்க் நிதி அளித்ததும் பாராட்டத்தக்கவை. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்பது பாராட்டத்தக்கதன்று.

குண்டுவீச்சில் சிதைந்த தொழிற்சாலைகளிலிருந்து மீண்டெழுந்த கம்பெனி 1954-இல் நியூயார்க் கண்காட்சியில் வைத்த 300 எஸ்எல் என்னும் வண்டியின் கதவுகள் பக்கவாட்டில் திறக்காமல் கடற்காகத்தின் சிறகுபோல் மேல்நோக்கித் திறந்தன. கண்டவர் மயங்கிய அந்தச் சிறகுக்கும் காரணம் அலங்காரம் அன்று: எடை குறைய வேண்டி மெல்லிய குழாய்களைப் பின்னிச் சமைத்த சட்டம் பக்கங்களில் உயரமாக எழும்பி நின்றதால், வழக்கமான கதவு வைக்க இடமில்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டு ல மான் பந்தயத்தில் இக்கம்பெனியின் வண்டி ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டு முடிவில் பந்தயக் களத்தை விட்டுப்போன கம்பெனி நெடுங்காலம் அங்கே திரும்பவில்லை.

வேகத்தால் பெயர் எடுத்த கம்பெனிக்குள்ளே, வேகம் தடைப்படும் அந்தக் கண நேரத்தைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தவர் பேலா பாரெனி. வியன்னாவுக்கு அருகே 1907-இல் பிறந்து 1939-இல் வேலைக்குச் சேர்ந்த இவருடைய பெயரில் சுமார் 2,500 காப்புரிமைகள் உண்டு. வண்டி எவ்வளவுக்கெவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு என்றே அதுகாறும் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். கருங்கல்லின்மேல் விழுந்தவனுக்கும் வைக்கோற்போரின்மேல் விழுந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாரெனி யோசித்தார். விழுந்த வேகம் ஒன்றுதான். வைக்கோல் அமுங்கிக் கொடுத்து அந்த வேகத்தைச் சிறிது நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது. அதுபோல வண்டியின் மூக்கும் வாலும் மோதலில் மடிந்து நொறுங்கட்டும், மனிதர் உட்காரும் நடுக்கூடு மட்டும் நெளியாமல் நிற்கட்டும் என்று 1951-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை, 1959-இல் வெளிவந்த 220 வகைக் கார்களில் முதன்முதலாக முழு உருவம் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸிண்டல்ஃபிங்கனில் கம்பெனியார் தங்கள் காரைத் தாங்களே மோதவிட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள். வேண்டிய வேகம் கிடைப்பதற்காகக் கொதிநீர் ஆவியைப் பீறிட்டடிக்கும் ராக்கெட்டு ஒன்றைப் பிற்பாடு வண்டிக்குப் பின்னால் பூட்டினார்களாம்.

வாங்குகிறவன் கண்ணில் படாத, விபத்து நேராதவரை அவன் அறியவே அறியாத குணம் ஒன்றுக்கு விலை வாங்குவது வாணிபத்தில் அரிது. 1978-இல் போஷ் கம்பெனியோடு சேர்ந்து எஸ்-கிளாஸ் கார்களில் சக்கரம் வழுக்காமல் நிறுத்தும் பிரேக் வந்ததும், 1980-களின் தொடக்கத்தில் காற்றுப் பை வந்ததும் இந்த வழியில்தான். முதலில் செல்வர்களின் வண்டியில் புகுந்து, பிறகு சாமானியரின் வண்டிக்கும் இறங்கின. இன்று நம் ஊர்ச் சிறு கார்களில் உள்ள காற்றுப் பைக்கு, அன்று எஸ்-கிளாஸ் வாங்கியவர்கள் தம்மையறியாமல் முதற்செலவு செய்திருக்கிறார்கள்.

ஜெர்மனிக்கு முதன்முறை செல்லும் தமிழர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், நம் ஊரில் தொழிலதிபர் வீட்டு வாசலில் நிற்கவேண்டிய கார், வெளிறிய தந்த நிறத்தில், தலையில் டாக்சிப் பலகையோடு வரிசையாக நிற்கும். 1936-இல் பயணிகள் காருக்கு டீசல் எஞ்சின் பூட்டி 260 டி என்ற வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது முதலே டாக்சிக்காரர்கள் இக்கம்பெனியின் உறவினர்கள். உலகத்துச் சர்வாதிகாரிகளும் போப்பாண்டவரும் பாட்டுக்காரர்களும் ஏறிச்சென்ற 600 என்னும் மாபெரும் காரைக் கம்பெனி 1963 முதல் 1981 வரை 2,677 எண்ணிக்கைக்குமேல் செய்யவில்லை. அதன் ஜன்னல் கண்ணாடியும் இருக்கையும் எண்ணெய் அழுத்தத்தால் ஓசையின்றி இயங்கின. அதே காலத்தில் அதே நட்சத்திரத்தோடு லட்சக்கணக்கான டீசல் கார்கள் மொராக்கோ முதல் லெபனான் வரை ஆட்டுக்குட்டியையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டிருந்தன. கிரேக்க நாட்டு டாக்சிக்காரர் ஒருவர், 1976-ஆம் வருஷத்து 240 டி கார் ஒன்றை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 2004-இல் கம்பெனியின் பொருட்காட்சிசாலைக்குக் கொடுத்தார். எஞ்சினைப் பலமுறை மாற்றிப் பூட்டித்தான் அத்தனை தூரம் ஓடியது. ஆனாலும் சந்திரனுக்கு ஆறு முறை போய்த் திரும்பும் தூரம் அது.

என் அபிப்பிராயம், இந்த வண்டியின் வசீகரத்துக்கு வேர் அந்த டாக்சியில்தான் இருக்கிறது என்பது. பட்டும் பொன்னும் பதித்த பல்லக்கு நிறையப் பேர் செய்தார்கள். அவர்களில் அநேகர் பெயரும் இன்று இல்லை. மேபாக்கின் பெயரில் இக்கம்பெனியே 2002-இல் வெளியிட்ட ராஜபோகக் கார் பத்தாண்டுகளில் கைவிடப்பட்டது. உழைக்கிறவனிடம் தேறிய பொருளைத்தான் செல்வன் நம்பி வாங்குகிறான் போலும். இந்த நம்பிக்கை குலைந்த சமயங்களும் உண்டு. 1997-இல் ஸ்வீடன் பத்திரிகையாளர்கள், சாலையில் பெரிய மான் குறுக்கிட்டால் திடீரென்று ஒடித்துத் திருப்புவதுபோல் ஓட்டிப் பார்த்தபோது புதிய ஏ-கிளாஸ் சிறு கார் குடைசாய்ந்தது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, விலையுயர்ந்த கார்களுக்கென்று வைத்திருந்த நிலைநிறுத்தும் கருவியை அதற்கும் இலவசமாகப் பொருத்தவேண்டி வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் க்ரைஸ்லரோடு செய்துகொண்ட சம்பந்தம் ஒன்பது ஆண்டுகளில் விவாகரத்தில் முடிந்தது. அக்காலத்து ஈ-கிளாஸ் கார்களில் துருவேறிய புகாரைப் பழைய வாடிக்கைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சம்பந்தத்தின்போது ஸ்தாபனத்தின் பெயரிலிருந்து பென்ஸ் வெளியேற்றப்பட்டார். க்ரைஸ்லர் போன பிறகு டைம்லர் மட்டும் எஞ்சினார். 2021 இறுதியில் லாரித் தொழில் தனியே பிரிந்து டைம்லர் பெயரை எடுத்துக்கொண்டு போக, 2022-இல் கார்க் கம்பெனி அந்தச் சிறு பெண்ணின் பெயரையும் பென்ஸின் பெயரையும் சேர்த்துத் தன் சட்டப் பெயராக்கிக்கொண்டது.

நம் நாட்டில் பென்ஸ் என்ற பெயர் ஊன்றியது காரால் அன்று. 1954-இல் டாடா கம்பெனி டைம்லர்-பென்ஸோடு உடன்படிக்கை செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 1969 வரை பதினைந்து ஆண்டுகள், முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் தரித்த அந்த லாரிகள் நெல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு ஓடின. "டாடா பென்ஸ்" என்றே டிரைவர்களும் கிளீனர்களும் அவற்றை அழைத்தார்கள். நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்த பிறகும் அந்த வழக்கு வாயை விட்டுப் போகவில்லை. 2012-இல் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இந்தியாவுக்கென்று தனியாக லாரி செய்யும் தொழிற்சாலையை டைம்லர் திறந்தபோது, அந்த லாரிக்குத் தன் பெயரையும் வைக்கவில்லை, மெர்சிடிஸ் என்றும் வைக்கவில்லை; பாரத்பென்ஸ் என்று வைத்தது.